கிருமியின் சுருக்குப்பையைப் பார்த்துவிட்டு ஊசி போடுங்கள்

வாடிப்பட்டிப் பக்கம் ஆடு மாடு வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "ஊசியெல்லாம் போட்டாச்சுப்பா" என்பார்கள். எந்த நோய்க்குப் போட்டீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் இழுக்கும். "அதான், மழைக்கு முந்தி போடுவாங்கள்ல, அந்த ஊசி." நானும் அப்படித்தான் இருந்தேன், இத்தனைக்கும் மதுரையில் மூன்று வருடம் மைக்ரோபயாலஜி படித்து, பாக்டீரியாவுக்குள்ளிருந்து பிளாஸ்மிட் என்கிற சின்ன மரபணு வளையத்தைப் பிரித்து ஜெல்லில் ஓடவிட்டுப் பார்த்தவன். படிப்பு நோட்டில் இருந்தது, ஆடு கொட்டிலில் இருந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்கு ஏழு குட்டிகளைக் கொடுத்தேன்.

தை அறுவடை முடிந்த கையோடு பெரியாற்றுக் கால்வாய் பாயும் வயல் ஒன்றில் கிடை போட்டிருந்தோம். அறுபது செம்மறி, அதில் பாதி அந்த வருடத்துக் குட்டிகள். மெஷின் அறுப்பு என்பதால் சிந்திய நெல் வரப்போரம் குவியல் குவியலாகக் கிடந்தது, குட்டிகள் அதைக் கண்டதும் தலையை எடுக்கவில்லை, நாங்களும் "தின்னட்டும், காசா பணமா" என்று பார்த்துக்கொண்டு நின்றோம். விடிந்து பார்த்தால் ஐந்து விறைத்துக் கிடக்கின்றன, அதுவும் இருந்ததிலேயே கொழுத்த குட்டிகள். ஆறாவது உயிரோடு இருந்தது: தலை முதுகுப் பக்கம் வளைந்து, நாலு காலும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி காற்றை உதைத்துக்கொண்டு, வாயோரம் நுரை. டாக்டர் வந்து சேர்வதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. ஏழாவது அன்று சாயங்காலம்.

டாக்டர் ஒரு குட்டியை அறுத்துப் பார்த்தார். சிறுநீரகத்தைக் கையில் எடுத்தால் கேப்பைக் களி மாதிரி விரலிடுக்கில் குழைந்தது. மூத்திரப்பையில் சிரிஞ்சை வைத்து உறிஞ்சி, மனிதர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற பட்டையில் ஒரு சொட்டு விட்டார், பட்டை நிறம் மாறியது. "துள்ளுமாரி. ஊசி போட்டீங்களா?"

"போட்டோம் டாக்டர்."

"ரெண்டாவது தவணை?"

முதல் தவணை போட்டவர் "ஒண்ணே போதும்" என்று சொன்னதை நம்பி விட்டிருந்தோம். இரண்டாவது தவணை ஏன் வேண்டும் என்பது நான் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதிய பதில், அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த ஊசிக் குப்பி கைக்கு வந்தாலும் மூன்று விஷயம் கேட்பேன். இந்தக் கிருமி எதை வைத்துக் கொல்கிறது, அந்த ஆயுதத்தின் மரபணு எங்கே இருக்கிறது? ஊசி தயாரித்தவர்கள் அதில் எதைப் பிடுங்கிவிட்டு எதை விட்டுவைத்திருக்கிறார்கள்? அப்படியானால் நான் எதைச் செய்யக் கூடாது? குப்பிமேல் ஒட்டியிருக்கும் வயதுக் கணக்கு, தவணை, சினை மாட்டுக்குக் கூடாது என்கிற எச்சரிக்கை எல்லாமே இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன. ஒரு தடவை புரிந்துவிட்டால் யார் வந்து "ஒண்ணே போதும்" என்றாலும் ஏமாற மாட்டீர்கள்.

முதலில் பேரைச் சரியாகப் பிடியுங்கள்

கோமாரி, ஆட்டுக்கொல்லி, தோல் கழலை, கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் இவையெல்லாம் வைரஸ், இந்தக் கட்டுரையில் அவற்றுக்கு இடமில்லை. பாக்டீரியா என்று வந்தால் நம் பக்கம் கேள்விப்படுவது அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், துள்ளுமாரி, கன்று வீச்சு. இதில் ஒரு வம்பு இருக்கிறது. அடைப்பானும் தொண்டை அடைப்பானும் வேறு வேறு நோய், வேறு வேறு கிருமி, வேறு வேறு ஊசி, ஆனால் ஊரில் பாதிப் பேர் இரண்டையும் "அடைப்பான்" என்றே சொல்வார்கள். மருந்தகத்தில் கேட்கும்போது முழுப் பேரைச் சொல்லிக் கேளுங்கள், குப்பியை வாங்கி நீங்களே ஒருமுறை வாசியுங்கள்.

சுருக்குப்பை

பாக்டீரியாவின் மரபணுக்களில் பெரும்பகுதி ஒரே பெரிய வளையத்தில் இருக்கும், அதுதான் குரோமோசோம். அது போக, தனியாகச் சின்னச் சின்ன வளையங்கள் சுற்றிக்கொண்டிருக்கும், அவைதான் பிளாஸ்மிட். எங்கள் அப்பத்தாவுக்கு வீட்டில் ஒரு மரப்பெட்டி உண்டு, பத்திரம், தோடு எல்லாம் அதில். இடுப்பில் ஒரு சுருக்குப்பை, வெற்றிலை பாக்கும் சில்லறையும் அதில். பெட்டி எங்கேயும் போகாது. சுருக்குப்பை சந்தையில் தொலையும், பேத்தி கைக்கு மாறும், சில நாள் அப்பத்தாவே மறந்து வைத்துவிட்டு வரும். பிளாஸ்மிடும் அப்படியே. ஒரு பாக்டீரியா அதைத் தொலைக்கலாம், பக்கத்திலிருக்கும் இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். கால்நடைகளைக் கொல்லும் கிருமிகள் பல தங்கள் ஆயுதத்தைப் பெட்டியில் பூட்டாமல் இந்தப் பையில்தான் வைத்திருக்கின்றன.

துள்ளுமாரிக் கிருமியின் பேர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். நல்ல ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் இது கொஞ்சம் இருக்கும். எந்த நச்சுக்கான மரபணு உள்ளே இருக்கிறது என்பதை வைத்து இதை ஏ முதல் ஜி வரை ஏழு வகையாகப் பிரிக்கிறார்கள். ஆல்ஃபா நச்சின் மரபணு பெட்டியில் இருப்பது, ஏழு வகைக்கும் பொது. சுருக்குப்பையில் எப்சிலான் நச்சின் மரபணு இருந்தால் அது டி வகை, துள்ளுமாரி. பீட்டா, எப்சிலான் இரண்டும் இருந்தால் பி வகை, பிறந்து சில நாளே ஆன குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தருவது. ஆக, கிருமி ஒன்றுதான், பையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து நோய் மாறுகிறது. அதனால்தான் ஆய்வகத்தில் கிருமி வளர்ந்ததை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை, பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனை வைத்து எந்த நச்சு மரபணு என்று பார்க்கிறார்கள்.

எப்சிலான் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. கிருமி அதை அரைகுறையாகத்தான் வெளியே விடும். குட்டியின் குடலில் புரதம் செரிக்க ஊறும் டிரிப்சின் போய் அதன் ஒரு துண்டை வெட்டியதும்தான் அது முழு நச்சாகிறது. அதாவது கத்தியைக் கொண்டு வருவது கிருமி, தீட்டிக் கொடுப்பது குட்டியின் சொந்த வயிறு. நெல்லோ மக்காச்சோளமோ அளவு மீறிப் போனால் செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்கும், கிருமிக்கு அது விருந்து, மளமளவென்று பெருகும், நச்சு ரத்தத்தில் ஏறி மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். நோஞ்சான் குட்டி தப்பித்து, முட்டி மோதித் தின்ற கொழுத்த குட்டி சாவது இதனால்தான்.

இப்போது ஊசிக்கு வருவோம். துள்ளுமாரி ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. நச்சை ஃபார்மலினில் போட்டுச் சாகடித்த டாக்ஸாய்டு அது. உயிரில்லாத பொருள் என்பதால் உடம்புக்குள் போய்ப் பெருகாது, ஒருமுறை பார்த்ததை உடம்பு மேலோட்டமாகத்தான் ஞாபகம் வைக்கும். இரண்டாவது முறை அதே முகத்தைக் காட்டினால்தான் எதிர்ப்பொருள், அதாவது நச்சையோ கிருமியையோ மடக்க உடம்பு செய்யும் புரதம், சரசரவென்று ஏறும். அதனால் 15 நாள் இடைவெளியில் இரண்டு தவணை, அப்புறம் வருடா வருடம் மழைக்கு முன். தாய்க்கு ஊசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் குட்டிக்கு எதிர்ப்பொருள் வந்துவிடும், அது இருக்கும்வரை ஊசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது, ஆகவே 4 மாதத்தில் போடச் சொல்கிறார்கள். தாய்க்குப் போடவில்லை என்றால் குட்டி பிறந்த முதல் வாரத்திலேயே. என்னைக் கேட்டால், ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு சினை ஆட்டுக்கு ஒரு தவணை போட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே லாபமான வேலை, ஒரு ஊசியில் தாயும் தப்பும் குட்டியும் தப்பும்.

இந்த நச்சின் மரபணுவில் ஓர் இடத்தை மட்டும் மாற்றி, 106ஆவது அமினோ அமிலமான ஹிஸ்டிடினைப் புரோலினாக ஆக்கினால் நச்சுத்தன்மை போய்விடுகிறது, ஆனால் உருவம் அப்படியே இருப்பதால் உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்பொருள் செய்கிறது. ஃபார்மலின் போட்டுச் சாகடிப்பது குத்துமதிப்பான வேலை, இது சரியான ஆணியை மட்டும் பிடுங்குகிற வேலை.

அடைப்பான்: இரண்டு பை

அடைப்பான் கிருமியான பேசில்லஸ் ஆந்த்ராசிஸிடம் இரண்டு பிளாஸ்மிட் உண்டு. பிஎக்ஸ்ஓ1 என்பதில் நச்சு, பிஎக்ஸ்ஓ2 என்பதில் போர்வை. நச்சு மூன்று புரதங்கள் சேர்ந்தது: ஒன்று செல்லின் கதவைத் திறக்கிறவன், மற்ற இரண்டும் உள்ளே புகுந்து சாமானை உடைக்கிறவர்கள். கதவு திறக்கிறவனுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் செய்துவிட்டால் மற்ற இருவரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். போர்வை என்பது கிருமியைச் சுற்றியிருக்கும் உறை, அது இருக்கும்வரை வெள்ளையணுக்களால் கிருமியை விழுங்க முடியாது. இரண்டு பையையும் ஒரே நேரத்தில் அவிழ்க்கச் சொல்கிற அதிகாரி மரபணு ஒன்று பிஎக்ஸ்ஓ1இல் இருக்கிறது, அதன் பேர் ஏடிஎக்ஸ்ஏ. உடம்புச் சூட்டையும் உடம்புக்குள் இருக்கும் கரியமில வாயுவின் அளவையும் உணர்ந்து, "ஆட்டுக்குள்ள வந்துட்டோம், ஆரம்பிங்க" என்று அது சொல்லும்.

1881இல் லூயி பாஸ்டர் பிரான்சில் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் ஆடுமாடுகளுக்குப் பகிரங்கமாக ஊசி போட்டுக் காட்டி உலகப் புகழ் பெற்றாரே, அது இந்த நோய்க்குத்தான். கிருமியை 42, 43 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் வீரியம் குறைகிறது என்பது அவருடைய முறை. (அந்தப் பகிரங்கக் காட்சியில் உண்மையில் போட்டது அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் பொட்டாசியம் டைகுரோமேட் கலந்து தயாரித்த ஊசி என்பது அவருடைய ஆய்வக நோட்டுகளைப் பிரித்தபிறகு தெரிந்தது, பெரிய மனிதர்கள் வீட்டிலும் இதெல்லாம் நடக்கும்.) ஏன் வீரியம் குறைகிறது என்பதற்கு நூறு வருடம் கழித்து, 1980களில்தான் பதில் கிடைத்தது: அந்தச் சூட்டில் கிருமி பிஎக்ஸ்ஓ1ஐத் தொலைத்துவிடுகிறது. நச்சே இல்லாத கிருமி நச்சுக்கு எதிராக எப்படிப் பாடம் நடத்தும்? எல்லாக் கிருமியும் பையைத் தொலைத்திருக்காது, மிஞ்சியவைதான் பாடம் நடத்தியிருக்கும் என்பது பின்னால் வந்த விளக்கம். அந்த ஊசி ஒரு தடவை கொல்வதும் ஒரு தடவை பலிக்காமல் போவதுமாக இருந்ததன் காரணமும் அதுவே.

தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் 1930களில் எடுத்தது இதற்கு நேர்மாறான ரகம், 34எஃப்2. போர்வைப் பை தொலைந்தது, நச்சுப் பை இருக்கிறது. போர்வை இல்லாததால் வெள்ளையணு அதைச் சீக்கிரமே விழுங்கிவிடும், ஆனால் அதற்குள் கொஞ்சம் நச்சை வெளியே விட்டு உடம்புக்குக் காட்டிவிடும். பெரும்பாலான நாடுகளில் இன்றைக்கும் கால்நடைக்குப் போடுவது இந்த ரகத்தைத்தான். நம் மாநிலத்தில் இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் அடைப்பான் ஊசி தயாராகிறது.

இதிலிருந்து நமக்கு என்ன? குப்பிக்குள் இருப்பது உயிருள்ள வித்துகள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் தூங்கும் கிருமிகள். ஊசி போட்ட வாரத்தில் வேறு ஏதோ புண்ணுக்கென்று பென்சிலின் போட்டால் ஊசிக்கிருமி செத்துவிடும், ஊசி தண்டம். முன்னும் பின்னும் குறைந்தது ஒரு வாரம் ஆன்டிபயாடிக் வேண்டாம். சிரிஞ்சை டெட்டாலில் கழுவிவிட்டுப் போடாதீர்கள், கொதிநீரில் போட்டு எடுத்து ஆறவைத்தால் போதும். கறிக்குக் கொடுக்க வைத்திருக்கும் கிடாய்க்குப் போட்டால் 6 வாரம் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், ஆகவே திருமங்கலம் சந்தைக்கு ஏற்ற முடிவு செய்துவிட்ட கிடாயைக் கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நச்சுப் பை உள்ளே இருப்பதால் வெள்ளாட்டுக்குச் சிலசமயம் ஊசி போட்ட இடம் நன்றாகவே வீங்கும். அப்புறம், நோய் வந்த வரலாறு உள்ள ஊர்களில்தான் இதைப் போடுவார்கள், உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஊசியைவிட முக்கியம். நேற்று வரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்திருந்தால் தோலை உரிக்காதீர்கள், வயிற்றைக் கிழிக்காதீர்கள், கறி போடலாம் என்று யார் வந்து நின்றாலும் விடாதீர்கள். மூடிய உடம்புக்குள் இருக்கும்வரை இந்தக் கிருமி வித்தாக மாறாது, அழுகலில் சில நாளில் செத்துப்போகும். வித்தாக மாறும் மரபணுக்கள் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும், நீங்கள் கத்தி வைத்த நிமிடம் அது கிடைத்துவிடும். வித்து மண்ணில் விழுந்தால் பல பத்தாண்டுகள் கிடக்கும். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், டாக்டர் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பார், புதைப்பதையும் அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

தொண்டை அடைப்பான், சப்பை

தொண்டை அடைப்பானைத் தருவது பாஸ்டுரெல்லா மல்டோசிடா. இதன் உறைக்கான மரபணுக் கூட்டத்தை வைத்து ஏ, பி, டி, ஈ, எஃப் என்று ஐந்து வகை. ஆசியாவில் மாட்டையும் எருமையையும் கொல்வது பி:2 (பின்னால் வரும் எண் உள்வகை), ஆப்பிரிக்காவில் ஈ:2, கோழிக் காலராவில் பெரும்பாலும் ஏ. கிருமியின் பேர் ஒன்றாக இருப்பதால் கோழி ஊசி எருமைக்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் ஊசிக்கு எடுப்பது பி52 (P52) என்ற ரகம், சாகடித்த கிருமி. படிகாரம் சேர்த்ததும் உண்டு, எண்ணெய் சேர்த்ததும் உண்டு. படிகார ஊசி 4 முதல் 6 மாதம் தாங்கும், எண்ணெய் ஊசி கிட்டத்தட்ட ஒரு வருடம் வரை தாங்கும், ஆனால் கெட்டியாக இருப்பதால் சிரிஞ்சில் ஏற்றவே கை வலிக்கும். இங்கேதான் நம் பக்கத்துக்காரர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். "மழைக்கு முன்" என்று வைகாசியில் படிகார ஊசி போட்டால், மதுரைக்குப் பெருமழை வருகிற ஐப்பசி, கார்த்திகையில் அதன் பலம் தேய்ந்து போயிருக்கும். எந்த ஊசி என்று கேளுங்கள், படிகாரம் என்றால் ஆவணி, புரட்டாசிக்கு ஒருமுறை போடலாமா என்று டாக்டரிடம் பேசுங்கள்.

இதே கிருமியில் ஏரோ-ஏ என்ற மரபணுவை வெட்டியெடுத்து உயிருள்ள ஊசி செய்து பார்த்திருக்கிறார்கள். அந்த மரபணு இல்லையென்றால் சில அமினோ அமிலங்களைக் கிருமியால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது, மாட்டின் உடம்பிலும் அது கேட்கிற அளவு கிடைக்காது. சோறு இல்லாத வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நாலு நாள் இருந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். குதிரைக்கு வரும் தொண்டைக் கட்டி நோய்க்கு இதே மரபணுவை வெட்டிய ஊசி சில நாடுகளில் விற்பனைக்கே வந்துவிட்டது.

சப்பை நோயில் தொடையோ சப்பையோ வீங்கி, அழுத்தினால் தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்கும். 6 மாதத்திலிருந்து 2 வயது வரை உள்ள திமிரான கன்றுகளைத்தான் பிடிக்கும். கிருமி கிளாஸ்ட்ரிடியம் சாவோயி, சதையைக் கரைக்கும் முக்கிய நச்சு சிசிடிஏ, ஊசி என்பது கிருமியையும் அது விட்ட நச்சையும் சேர்த்து ஃபார்மலினில் சாகடித்தது. 6 மாதத்தில் போட்டு வருடா வருடம் தொடர்ந்தால் தீர்ந்தது.

மடிநோய்க்கும் ஊசி கேட்பவர்கள் உண்டு. அதில் முக்கியக் குற்றவாளியான ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸிடம் ஆயுதம் ஒன்றல்ல, ஒரு கூடை. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றை எடுக்கும். பால் கறந்த கையோடு காம்பை மருந்தில் நனைப்பதுதான் இப்போதைக்கு உருப்படியான வழி.

கன்று வீச்சு: ஊசி போடும்போது உங்கள் விரலையும் பாருங்கள்

கன்று வீச்சைத் தரும் கிருமியான புரூசெல்லா அபார்ட்டஸிடம் துள்ளுமாரி மாதிரி நச்சும் இல்லை, அடைப்பான் மாதிரி போர்வையும் இல்லை. அது ஒளிந்துகொள்கிறவன். தன்னை விழுங்க வந்த வெள்ளையணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும், அதற்கான குழாய் மாதிரி ஒரு கருவியை விர்-பி மரபணுக்கள் செய்து தருகின்றன. செல்லுக்குள் இருப்பவனை ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் எட்டாது, சாகடித்த கிருமியைப் போட்டால் சரியான பலன் கிடைக்காததும் இதனால்தான். உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமி உள்ளே போய்ச் செல்களைப் பழக்க வேண்டும்.

அப்படிப்பட்டதுதான் எஸ்19. 1923இல் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து ஜான் பக் என்பவர் எடுத்த கிருமி, ஆய்வக அறைச் சூட்டில் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கிடந்து தானாகவே வலுவிழந்தது. (நம் தொழுவங்களில் நிற்பதில் பெரும்பாலானவை ஜெர்சிக் கலப்பு, அந்த வகையில் சொந்தக்கார ஊசி.) காரணம் பிறகு தெரிந்தது. சினை மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை நிறைய இருக்கும், புரூசெல்லாவுக்கு அது அல்வா, அதைத் தேடிப்போய்த்தான் கருவைக் கெடுக்கிறது. எஸ்19இல் அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களில் 702 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. அல்வாவே விஷமாகிவிட்டது.

ஆனாலும் முழுச் சாது இல்லை. சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசும் ஆபத்து உண்டு. காளைக்கன்றுக்குப் போட்டால் விதையில் தங்கலாம். ஆகவே 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுக்கு மட்டும், ஆயுளுக்கு ஒரே தடவை. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரியோடு சேர்த்து இதையும் போடுகிறார்கள், போட்ட கன்றுக்குக் காதுவில்லை மாட்டுவார்கள், அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள். ஏன் என்றால், எஸ்19இன் மேல்தோலில் ஓ-சங்கிலி என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி அப்படியே இருக்கிறது, நோய்ப் பரிசோதனை தேடுவதும் அதே சங்கிலிக்கான எதிர்ப்பொருளைத்தான். பெரிய மாட்டுக்குப் போட்டால் அந்த எதிர்ப்பொருள் நீண்ட நாள் நின்று, நோயே இல்லாத மாட்டை நோயாளி என்று காட்டிவிடும். கன்றாக இருக்கும்போது போட்டால் வளர்வதற்குள் குறைந்துவிடும்.

இந்தக் குழப்பத்துக்குத்தான் ஆர்பி51 என்ற இன்னொரு ரகம். அதில் டபிள்யூபிஓஏ என்ற மரபணுவுக்கு நடுவே வேறொரு துண்டு வந்து செருகிக்கொண்டதால் ஓ-சங்கிலியே உருவாவதில்லை, பரிசோதனையில் மாட்டிக்கொள்ளாது. ஆனால் மனிதர்களுக்கு இந்த நோய் வந்தால் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்காது. நம் திட்டத்தில் போடுவது எஸ்19.

இது மனிதர்களுக்கும் வரும் கிருமி, ஊசிக்குள் இருப்பதும் உயிரோடுதான் இருக்கிறது. கன்று துள்ளி ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள், சோப்பில் நன்றாகக் கழுவி, மருத்துவரிடம் போய் எந்த ரகம் என்று குப்பியைக் காட்டிச் சொல்லுங்கள், மருந்து எது என்பதே அதைப் பொறுத்துத்தான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கன்றைப் பிடிக்க இரண்டு பேர் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். காலிக் குப்பியைக் குப்பைமேட்டில் எறியாமல் ஊசி போட வந்தவரிடமே கொடுத்தனுப்புங்கள். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் இழுப்பது, காய்ச்சாத பாலைக் குடிப்பது இரண்டையும் இன்றோடு விடுங்கள்.

பெட்டியும் ஐஸும்

எந்த ஊசியானாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் வாடிப்பட்டியிலிருந்து பைக்கில் குப்பியைச் சட்டைப்பையில் போட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஜிகர்தண்டா பார்சலுக்குக் கொடுக்கிற மரியாதையை இதற்கும் கொடுக்கலாம். தெர்மோகோல் பெட்டி, ஐஸ் கட்டி, நடுவில் ஒரு துணி. துணி எதற்கென்றால், படிகாரம் சேர்த்த ஊசி ஐஸோடு ஒட்டி உறைந்தாலும் கெட்டுவிடும். வீட்டு ஃபிரிட்ஜில் மேலே ஐஸ் அறைக்குள் வைத்துவிட்டு "நல்லா சில்லுன்னு இருக்கட்டும்" என்று நினைப்பது கொல்வதற்குச் சமம். உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கி வைத்தால் திரிதிரியாகச் சீக்கிரம் அடியில் இறங்கும், அப்படி இருந்தால் போடாதீர்கள். நல்ல குப்பியையும் ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன் குலுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பத்து ஆட்டுக்குத் தண்ணீரும் கடைசிப் பத்து ஆட்டுக்கு மருந்தும் போகும். எஸ்19 மாதிரி பொடியாக வருவதைக் கரைத்த பிறகு மிச்சம் வைத்து மறுநாள் போடுவது வேலைக்காகாது.

செத்தது எதனால் என்று தெரியாமல் அடுத்த ஊசியைத் தீர்மானிக்காதீர்கள். துள்ளுமாரி என்று சந்தேகம் வந்தால் செத்த சில மணி நேரத்துக்குள் சிறுகுடலில் இருக்கும் நீரை எடுக்க வேண்டும், அழுகிய பிறகு எல்லாக் குடலிலும் அந்தக் கிருமி பெருகிக் கிடக்கும், பதில் வராது. தொண்டை அடைப்பான் என்று சந்தேகம், உடம்பும் அழுகத் தொடங்கிவிட்டது என்றால் சதை நீக்கிய கால் எலும்பு ஒன்று போதும், மஜ்ஜைக்குள் கிருமி கொஞ்ச நாள் பத்திரமாக இருக்கும். இதையெல்லாம் நீங்களே அறுத்து எடுக்க வேண்டாம், உங்கள் மருந்தக டாக்டர் எடுத்து மாவட்டத்தில் இருக்கும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார். உங்கள் வேலை சீக்கிரம் சொல்வதும் ஐஸ் ஏற்பாடு செய்வதும்.

எங்கள் கொட்டில் கதவின் உள்பக்கம் இப்போது ஒரு சிலேட்டு தொங்குகிறது. எந்த நோய், குப்பியின் தொகுதி எண், தேதி, பக்கத்திலேயே அடுத்த தவணைத் தேதி. முதல் தவணை போடும் அன்றைக்கே 15 நாள் தள்ளி நாள்காட்டியையும் பார்த்துவிடுங்கள். சித்திரையில் போட்டால் இரண்டாவது தவணை அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் விழுந்துவிடலாம், அன்றைக்கு ஊசி போடவும் ஆள் வராது, ஆட்டைப் பிடிக்கவும் ஆள் இருக்காது. போன வருடம் எங்களுக்கு எதிர்சேவை அன்றைக்கு விழுந்தது, அப்பா சிலேட்டைப் பார்த்துவிட்டு, "முதல் ஊசியவே நாலு நாள் தள்ளிப் போடுவோம்டா" என்றார்.